பொருளாதாரப் பட்டப்படிப்பு: படித்தவருக்குத் திருப்தியா, வேலை கொடுத்தவருக்குத் திருப்தியா?

#1 நிகரப்பயன்

நான் படித்த துறையிலிருந்து நேற்று ஒரு படிவம் வந்தது. பழைய மாணவர் கருத்துக் கணிப்பு. முதல் கேள்வியே, "உங்கள் பொருளாதாரப் பட்டப்படிப்பில் ஒட்டுமொத்தமாக எவ்வளவு திருப்தி? 1 முதல் 5 வரை." அதற்கே இருபது நிமிடம் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

படித்து முடித்த கையோடு கேட்டிருந்தால் 2 போட்டிருப்பேன். கணக்கு, கணக்குக்கு மேல் கணக்கு என்று அலுத்துப்போயிருந்த நேரம். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் கேட்டிருந்தால் 1 போடவும் மனசு வந்திருக்காது. இப்போது ஏழு வருடம் ஆகிறது. ஒரு நிறுவனத்தில் விலை நிர்ணயப் பிரிவில் இருக்கிறேன். இன்று கேட்டால் 4 போடலாம் போலிருக்கிறது. அதே படிப்பு, அதே வாத்தியார்கள், அதே நான். இதில் எந்த எண்ணை நம்புவது?

எங்கள் மேலாளருக்கும் தனியாக ஒரு படிவம் போயிருக்கிறது, "எங்கள் பட்டதாரிகளிடம் உங்களுக்குத் திருப்தியா" என்று. அவர் கண்ணை மூடிக்கொண்டு 4 போட்டுவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விட்டார்.

நீங்களெல்லாம் என்ன போடுவீர்கள்? ஆள் எடுக்கிறவர்களும் சொல்லலாம்.

#2 எக்செல்தாசன்

நான் 1. யோசிக்கவே வேண்டாம்.

மூன்று வருடம் இரண்டே இரண்டு பொருள் வாங்குகிற ஒரு நுகர்வோரை வைத்துக்கொண்டு அவருடைய பயன்பாட்டை உச்சமாக்கிக்கொண்டிருந்தேன். வேலையில் முதல் நாள் இரண்டு ஷீட்டைக் கொடுத்து, வாடிக்கையாளர் எண்ணை வைத்து ஒன்றாகச் சேர்க்கச் சொன்னார்கள். ஒரு ஷீட்டில் அந்த எண் எண்ணாக இருக்கிறது. இன்னொன்றில் எழுத்தாக, முன்னால் மூன்று பூஜ்யத்தோடு. ஒரு வரிகூடப் பொருந்தவில்லை. மதியம் வரைக்கும் மண்டையை உடைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் வணிகவியல் படித்த பையன் நாலு நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு, "பொருளாதாரமா படிச்சீங்க?" என்று கேட்டான். நல்ல எண்ணத்தில்தான் கேட்டான், அதுதான் இன்னும் வலித்தது.

ஏட்டுச் சுரைக்காய், வேறென்ன.

#3 சமனிலை

அந்தச் சுரைக்காய் எப்போது வரும் என்று பார்த்தேன். இரண்டாவது பதிவிலேயே வந்துவிட்டது.

எக்செல்தாசன், நாலு நிமிடத்தில் முடிகிற வேலையை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். நீங்களும் கற்றுக்கொண்டீர்கள்தானே? அதைச் சொல்லித்தர ஒரு செமஸ்டரை ஒதுக்கினால் வேறு எதையோ எடுத்தாக வேண்டும். விளையாட்டுக் கோட்பாட்டை எடுக்கலாமா? அதை அலுவலகத்தில் பக்கத்து சீட்டுப் பையன் சொல்லித்தர மாட்டான். மென்பொருள் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாறும். வாய்ப்புச் செலவு மாறாது, ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த சிறந்ததை இழக்கிறோம் என்ற அந்தக் கணக்கு.

முதலாளிகள் எப்போதும் திங்கட்கிழமை காலையில் வேலைக்கு ஆகிற ஆளைத்தான் கேட்பார்கள். பயிற்சிச் செலவைப் பல்கலைக்கழகத்தின் தலையில் கட்டுவது அவர்களுக்கு லாபம். இதைப் புரிந்துகொள்ளவாவது அந்தப் பட்டம் உதவியிருக்க வேண்டும்.

#4 ஆளெடுக்கும் ஆள்

முதலாளி தரப்பு என்று என்னைத்தான் சொல்கிறீர்கள், எனவே வந்துவிட்டேன். ஒரு ஆய்வுக் குழுவுக்கு ஆள் எடுப்பது என் வேலையில் பாதி. எக்செல் தெரியாதவரை நான் நிராகரித்ததே கிடையாது. சமனிலை சொன்னது போல அது ஒரு வார வேலை. என் மனக்குறை வேறு.

போன வருடம் நடந்தது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தவர்களின் தரவு ஒன்றைத் தேர்வுக்கு வந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். கடனைத் திருப்பிக் கட்டாமல் போவதற்கும் எதற்கெல்லாம் தொடர்பு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். அந்தத் தரவில் வயதைச் சொல்லாதவர்களுக்கு -99 என்று போட்டிருக்கும், ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு. இரண்டு மணி நேரத்தில் அருமையான அட்டவணை வந்தது. எதற்கும் எதற்கும் எவ்வளவு தொடர்பு என்று அளக்கிற ரிக்ரெஷன், தொடர்பு தற்செயலாக இருக்காது என்று காட்டுகிற நட்சத்திரக் குறிகள், திட்டப்பிழைக்குத் திருத்தம், எல்லாம் முறைப்படி. "வயது கூடக் கூடக் கடன் தவறுவது குறைகிறது" என்று முடிவுரையும் எழுதியிருந்தார்.

அட்டவணையின் முதல் வரியில் விரலை வைத்து, "இதைக் கொஞ்சம் படியுங்கள்" என்றேன். சராசரி வயது 10.6 என்று இருந்தது. படித்தார். மறுபடி படித்தார். எனக்கே பாவமாகிவிட்டது. பத்தரை வயதுப் பிள்ளைகள் வரிசையில் நின்று வீட்டுக் கடன் கேட்கிறார்கள்! அந்த -99களும் வயதாகவே கூட்டலில் சேர்ந்திருந்தன.

புத்திசாலிப் பெண். என்னைவிடக் கணக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மூன்று வருடத்தில் அவர் கைக்கு வந்த தரவெல்லாம் வாத்தியார் குளிப்பாட்டி, தலை சீவிக் கொடுத்தது. குப்பையான தரவை அவர் பார்த்ததே இல்லை. அப்படி இருக்கையில் சந்தேகம் எங்கிருந்து வரும்?

அவரை எடுத்தீர்களா என்று கேட்பீர்கள். எடுத்தேன். இன்று எந்தக் கோப்பு வந்தாலும் மிகக் குறைந்த மதிப்பு எது, மிக அதிக மதிப்பு எது என்று முதலில் பார்க்கிற ஆள் அவர்தான்.

#5 எக்செல்தாசன்

-99 கதை சூப்பர். நானாக இருந்தால் சராசரியே பார்த்திருக்க மாட்டேன், நேராக நட்சத்திரத்துக்குப் போயிருப்பேன்.

#6 பழைய வாத்தியார்

இருபத்தைந்து வருடமாகப் பாடம் எடுக்கிறேன். இந்த மாதிரிப் படிவங்களை அனுப்புகிற கமிட்டியிலும் இருந்திருக்கிறேன். எனவே கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிகரப்பயன் கேட்ட கேள்வி லேசானது இல்லை. திருப்தியை எப்போது கேட்கிறோம் என்பதுதான் பாதி விடை. பிரிட்டனில் 2005 முதல் இறுதியாண்டு மாணவர்களிடம் நேஷனல் ஸ்டூடண்ட் சர்வே நடத்துகிறார்கள். படிப்பு முடியும் முன்னாலேயே, வேலை என்றால் என்னவென்று தெரியும் முன்னாலேயே கேட்டுவிடுகிறார்கள். பட்டம் வாங்கியபின் என்ன ஆனார்கள் என்பதைத் தனியாகக் கேட்கிறார்கள். முன்பு அதை ஆறாவது மாதத்தில் கேட்டார்கள், இப்போது பதினைந்தாவது மாதத்தில். நிகரப்பயன் 1 போட்டிருக்கக்கூடிய காலம் கிட்டத்தட்ட அதுதான். ஏழாம் வருடத்து 4 யார் கணக்கிலும் வராது. இதில் வேடிக்கை, 2023இல் இங்கிலாந்தில் அந்தச் சர்வேயிலிருந்து "ஒட்டுமொத்தத் திருப்தி" கேள்வியையே தூக்கிவிட்டார்கள். நம் துறைகள் இன்னமும் அதைத்தான் முதல் கேள்வியாக வைக்கின்றன.

அடுத்தது இன்னும் கசப்பானது. அமெரிக்க விமானப்படை அகாடமியில் மாணவர்களை வகுப்புகளுக்குக் குலுக்கல் போலத்தான் பிரித்துப் போடுவார்கள், பிடித்த வாத்தியாரைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதைப் பயன்படுத்திக் கேரல், வெஸ்ட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் கால்குலஸ் வகுப்பில் மாணவர்களுக்கு நல்ல மதிப்பெண் வரவைத்து, அவர்களிடம் நல்ல பெயரும் வாங்கிய ஆசிரியர்கள் ஒரு பக்கம். அவர்களிடம் படித்தவர்கள் அடுத்தடுத்த பாடங்களில் கொஞ்சம் சறுக்கினார்கள். கறாரான, அனுபவம் மிக்க ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அப்போது முணுமுணுத்தார்கள், பின்னால் நன்றாகச் செய்தார்கள். இத்தாலியில் பொக்கோனி பல்கலைக்கழகத்தை வைத்துச் செய்த ஆய்விலும் ஏறக்குறைய இதே கதை.

அதற்காக, "மாணவர் திட்டினால் நான் நல்ல வாத்தியார்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்கள் துறையில் அப்படி எடுத்துக்கொண்ட இருவர் உண்டு. திட்டு வாங்குவதோடு சரி, பாடம் நடத்தத் தெரியாது.

எங்கள் தரப்புத் தவறும் இருக்கிறது. கொலாண்டர், கிளாமர் என்ற பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் ஆறு முன்னணிப் பல்கலைக்கழகங்களில் பொருளாதார ஆய்வு மாணவர்களிடம் கேட்டு 1987இல் எழுதினார்கள்: இந்தத் துறையில் முன்னுக்கு வர எது முக்கியம்? "நிஜத்தில் நடக்கும் பொருளாதாரத்தைப் பற்றிய முழுமையான அறிவு மிக முக்கியம்" என்றவர்கள் சுமார் 3 சதவீதம். "முக்கியமில்லை" என்றவர்கள் 68 சதவீதம். இப்படித் தயாரானவர்கள்தான் பிறகு எங்களைப் போல வகுப்பறைக்கு வந்தார்கள். -99ஐக் காட்டித்தர வேண்டியவருக்கே தரவு கையில் பட்டதில்லை என்றால் மாணவியை எப்படிக் குறை சொல்வது?

#7 மூன்றாமாண்டு

நான் இப்போதுதான் இறுதியாண்டு. இதையெல்லாம் படிக்கவே பயமாக இருக்கிறது.

எங்கள் வகுப்பில் குறை வேறு மாதிரி. விலைவாசியைப் பற்றி வீட்டில் கேட்டால் எனக்கு ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியவில்லை. பாடத்தில் வரும் பொருளாதார மாதிரிகள் (மாடல்கள்) தெரிகின்றன, வெளியில் நடப்பது தெரியவில்லை. 2008 உலக நிதி நெருக்கடியைப் பற்றி எங்கள் சிலபஸில் ஒரே ஒரு பெட்டிச் செய்தி, அதுவும் "தேர்வுக்கு வராது".

நிகரப்பயன் அக்கா, 2லிருந்து 4 எப்படி ஆனது? அதைச் சொல்லுங்கள்.

#8 பழைய வாத்தியார்

தம்பி, நீ சொல்லும் குறைக்கு ஒரு வரலாறே இருக்கிறது. 2000இல் பாரிஸ் மாணவர்கள், பாடம் நிஜ உலகத்தை விட்டு விலகிப்போய்விட்டது என்று மனு எழுதினார்கள். 2008 நவம்பரில் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸுக்கு வந்த எலிசபெத் ராணி, இவ்வளவு பெரிய நெருக்கடியை ஏன் யாரும் முன்கூட்டிக் கவனிக்கவில்லை என்று கேட்டு எல்லோரையும் நெளிய வைத்தார். 2011இல் ஹார்வர்டில் அறிமுகப் பாட வகுப்பிலிருந்து மாணவர்கள் எழுந்து வெளியே போனார்கள். அப்புறம் மான்செஸ்டர் மாணவர்கள் இதற்கென்றே சங்கம் வைத்தார்கள்.

நீ கவனிக்க வேண்டியது இதுதான். 2012 பிப்ரவரியில் பாங்க் ஆஃப் இங்கிலாந்தும் பிரிட்டன் அரசின் பொருளாதாரச் சேவையும் சேர்ந்து, பொருளாதாரப் பட்டதாரிகள் வேலைக்குத் தகுந்தபடி தயாராகிறார்களா என்று பேச ஒரு கூட்டம் போட்டன. அங்கே வேலை கொடுப்பவர்கள் கேட்டதும் பெரும்பாலும் இதே மாணவர்கள் கேட்டதுதான். பொருளாதார வரலாறு கொஞ்சம் தெரியட்டும், நிஜத் தரவைக் கையாளட்டும், பொருளாதாரம் படிக்காதவருக்குப் புரியும்படி பேசட்டும், மாதிரி எங்கே பொய்க்கும் என்று தெரிந்திருக்கட்டும். இரு தரப்பும் ஒன்றைத்தான் கேட்டன. நடுவில் இருக்கிற நாங்கள்தான் இரண்டு படிவத்தையும் தனித்தனிக் கோப்பில் போட்டு வைத்திருந்தோம்.

#9 நிகரப்பயன்

மூன்றாமாண்டு, பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு மீட்டிங்.

வேலையில் மூன்றாவது வருடம். ஒரு ஸ்லைடு போட்டார்கள். விலை ஒரு கோடு, விற்பனை ஒரு கோடு. விலை ஏறின வாரங்களில் எல்லாம் விற்பனையும் ஏறியிருக்கிறது. "நம் வாடிக்கையாளர் விலையைப் பார்க்கிறதே இல்லை, தைரியமாக ஏற்றலாம்" என்று முடிவெடுக்கப்போகிறார்கள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எனக்குள் ஏதோ உறுத்தியது. "அந்த வாரங்களில் விலையை ஏன் ஏற்றினோம்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. விற்பனைப் பிரிவிலிருந்து ஒருவர், "தேவை அதிகமாக இருக்கும் என்று தெரிந்துதானே ஏற்றினோம்" என்றார். அவ்வளவுதான், ஸ்லைடு செத்தது. விலையால் விற்பனை ஏறவில்லை. விற்பனை ஏறப்போகிறது என்று தெரிந்து விலையை ஏற்றியிருக்கிறோம்.

அந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? எகனாமெட்ரிக்ஸ் பாடத்திலிருந்து, பொருளாதாரத் தரவைப் புள்ளியியலால் அலசுகிற பாடம். நான் மிகவும் வெறுத்த பாடம். செமஸ்டர் முடிவில் அந்த ஆசிரியருக்கு 1 போட்டேன். வாத்தியார் ஐயா சொன்ன ஆய்வைப் படித்ததும் முதுகில் தட்டியது போல இருந்தது.

#10 சமனிலை

பார்த்தீர்களா, கடைசியில் கோட்பாடுதான் காப்பாற்றியிருக்கிறது.

ஆனால் நியாயமாக எனக்கு எதிராகவும் ஒரு சாட்சி வைக்கிறேன். ஒரு கணக்கு சொல்கிறேன், போட்டுப் பாருங்கள். ஓர் இசை நிகழ்ச்சிக்கு உங்களுக்கு இலவச டிக்கெட் கிடைத்திருக்கிறது, அதை விற்க முடியாது. அதே இரவில் இன்னொரு பாடகரின் நிகழ்ச்சி, உங்களுடைய அடுத்த சிறந்த தேர்வு அதுதான். அதற்கு டிக்கெட் 40. எந்த நாளிலும் அதைப் பார்க்க 50 வரை கொடுக்கத் தயாராக இருப்பீர்கள். வேறு செலவு எதுவும் இல்லை. இலவச நிகழ்ச்சிக்குப் போவதன் வாய்ப்புச் செலவு எவ்வளவு? 0, 10, 40, 50?

#11 எக்செல்தாசன்

40. டிக்கெட் விலை.

#12 மூன்றாமாண்டு

50?

#13 சமனிலை

10. இன்னொரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தால் 50 மதிப்புள்ள இன்பம், அதற்கு 40 செலவு. கைக்கு நின்றிருக்கக்கூடியது 10. இலவச நிகழ்ச்சிக்குப் போனால் இழப்பது அதைத்தான்.

வருத்தப்பட வேண்டாம். ஃபெராரோ, டெய்லர் என்ற இருவர் 2005இல் பொருளாதார அறிஞர்களின் மாநாட்டிலேயே இதை 199 பேரிடம் கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் 21.6 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு நாலில் ஒன்றைத் தொட்டிருந்தால்கூட 25 வந்திருக்கும்! கேள்வியே சரியில்லை என்று பின்னால் சிலர் வாதாடினார்கள், அது தனிக் கதை.

"வாய்ப்புச் செலவு மாறாது" என்று மூன்றாம் பதிவில் பெருமையாகச் சொன்னது நான்தான். மாறாது, சரி. ஆனால் மனதில் ஏறியிருக்கிறதா என்று நாம் சோதிப்பதில்லை. எல்லைப்பயனை, அதாவது இன்னும் ஒன்று வாங்கினால் கிடைக்கும் கூடுதல் திருப்தியை, வகையிடச் சொல்லிச் சோதிக்கிறோம்.

#14 ஆளெடுக்கும் ஆள்

கணக்கு நன்றாக இருக்கிறது, அடுத்த இன்டர்வியூவுக்குத் திருடிக்கொள்கிறேன்.

நிகரப்பயனின் மேலாளர் போட்ட 4ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நானும் வருடாவருடம் அதே 4தான் போடுகிறேன். மனசாட்சிப்படி அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. வந்த விண்ணப்பங்களில் சலித்துச் சலித்து மூன்று பேரை எடுக்கிறேன். அந்த மூவரைப் பற்றித்தான் எனக்குத் தெரியும். எடுக்காதவர்களைப் பற்றி யாரும் என்னைக் கேட்பதில்லை. பிடிக்காமல் ஒரு வருடத்தில் விலகிப் போனவர்களையும் மறந்துவிடுகிறேன். மிஞ்சியவர்கள் நல்லவர்களாக இருக்கிறார்கள், "உங்கள் பட்டதாரிகள் பிரமாதம்" என்று எழுதுகிறேன். என் சல்லடைக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறேன்.

பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் எழுதியது ஞாபகம் வருகிறது. பட்டம் என்பது ஆளை மாற்றாவிட்டாலும், ஆள் யார் என்று எனக்குக் காட்டிக்கொடுக்கலாம். அந்த அடையாளம் மட்டும்தான் எனக்கு வேண்டும் என்றால், உள்ளே என்ன சொல்லித்தந்தாலும் நான் 4 போடுவேன். துறைக்கு அதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. -99 கதையைச் சொன்னால்தான் ஏதாவது உண்டு. படிவத்தில் அதற்கு இடமில்லை.

#15 எக்செல்தாசன்

அப்படியானால் கேள்வியையே மாற்றலாமே. "திருப்தியா" என்று கேட்காமல், "போன மாதம் படிப்பிலிருந்து எதைப் பயன்படுத்தினீர்கள்? எது தெரியாமல் அவமானப்பட்டீர்கள்?" என்று. இரண்டாவதற்கு என்னிடம் நீண்ட பட்டியல் இருக்கிறது.

முதலாவதற்கும் இருக்கிறது போல, எழுதும்போதுதான் தோன்றுகிறது. எங்கள் குழுவில் ஒரு திட்டத்துக்கு ஏற்கெனவே நிறையச் செலவழித்துவிட்டோம் என்பதற்காகவே இழுத்துக்கொண்டிருந்தார்கள். மூழ்கிய செலவு என்று நான்தான் முதலில் சொன்னேன். நாலு நிமிடப் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சரி, 1 வேண்டாம். ஒன்றரை.

#16 நெறியாளர்

படிவத்தில் ஒன்றரை கிடையாது. இழை நன்றாகப் போகிறது, தொடருங்கள்.

#17 பழைய வாத்தியார்

எக்செல்தாசனின் கேள்வியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நாங்கள் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாம் வருடத்தில் ஒரு பாடத்தை மாற்றினோம். தரவை அழுக்கோடே கொடுப்பது. விடுபட்ட மதிப்பு, இரண்டு முறை வந்த பெயர், கிலோவும் டன்னும் கலந்த பத்தி, எல்லாம் இருக்கும். என்னென்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டோம். முடிவில் இரண்டு பக்கக் குறிப்பு எழுத வேண்டும், ஒரு சமன்பாடுகூட இல்லாமல், பொருளாதாரம் படிக்காத ஒருவருக்கு. நூலகத்தில் வேலை பார்க்கும் ஒருவரைப் படிக்கச் சொல்லி, அவர் "புரியவில்லை" என்று கோடு போட்ட வரிக்கெல்லாம் மதிப்பெண் குறைத்தோம். அந்த அம்மையார் மகா கறார்.

முதல் வருடம் மாணவர் மதிப்பீட்டில் எங்களைக் கிழித்துவிட்டார்கள். "எதிர்பார்ப்பது என்னவென்று தெளிவாகச் சொல்லவில்லை" என்று பாதிப் பேர். கமிட்டியில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அடுத்த வருடம் பாடத்தை எளிதாக்கச் சொல்லி அழுத்தம். நான் கொஞ்சம் இறங்கிவந்தேன், மறைக்கவில்லை. தரவில் என்னென்ன வகைக் கோளாறு இருக்கலாம் என்று ஒரு பக்கம் கொடுத்தோம். மாணவர் மதிப்பீட்டு எண் ஏறியது. பாடம் நன்றானதா, சற்று நீர்த்துப்போனதா என்று இன்றும் எனக்கு உறுதியில்லை.

மூன்றாமாண்டு தம்பிக்கு: உனக்கு அந்தப் பாடம் இல்லையென்றால் நீயே செய்துகொள். உலக வங்கியின் தரவுத் தளம் இலவசம். கோர் (CORE) என்ற அமைப்பின் "தி எகானமி" பாடநூலும் இணையத்தில் இலவசம், உன் 2008 பெட்டிச் செய்திக்கு அதில் விரிவாகவே விடை கிடைக்கும். ஒரு கேள்வியை எடு, இரண்டு பக்கம் எழுது, உன் வீட்டில் யாராவது ஒருவரைப் படிக்கச் சொல். எங்கே முகம் சுளிக்கிறார்களோ அங்கே திருத்து.

#18 மூன்றாமாண்டு

நன்றி ஐயா. விலைவாசியிலிருந்தே தொடங்குகிறேன். அம்மாதான் திருத்துவார்கள். உங்கள் நூலக அம்மையாரைவிடக் கறார்.

#19 நிகரப்பயன்

படிவத்தை முடித்துவிட்டேன். முதல் கேள்விக்கு 4. எகனாமெட்ரிக்ஸ் ஆசிரியரைப் பற்றிக் கீழே கருத்துப் பெட்டியில் எழுதினேன், அந்த ஸ்லைடு கதையோடு, அன்றைக்கு 1 போட்டதற்கு மன்னிப்போடு. 250 எழுத்துக்கு மேல் ஏற்க மாட்டேன் என்கிறது. அதிலும் அந்தப் பெட்டி மெய்யெழுத்துப் புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் தனி எழுத்தாக எண்ணுகிறது. பாதி மன்னிப்பில் நிற்கிறது.

#20 பழைய வாத்தியார்

கதையை மட்டும் வையுங்கள் அம்மா. மன்னிப்பைத் தனி மின்னஞ்சலில் அனுப்புங்கள். நேராகப் போய்ச் சேரும், சராசரியில் கரையாது.